சைரன் போடாமல் வந்த வண்டி

பேச்சிச்செல்விக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அது சரியில்லை. மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்று யோசிக்கிற கோபம் அல்ல அவளுடையது. பஸ்ஸில் உள்ளே தள்ளிப் போங்க என்று கண்டக்டர் சொல்லி முடிப்பதற்குள் இவள் பதில் சொல்லி முடித்திருப்பாள். மில்லர்புரத்தில் அவள் குடியிருக்கும் தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும், நர்சு வீட்டு முன்னால் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார், வாய் திறக்காத மனிதர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் ஒருத்தியே பேசிவிடுவதால் அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை என்று அவருடைய அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

பிறந்தது ஆதிச்சநல்லூருக்கு அடுத்த ஊரில். மடைத் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போன குடும்பம். வாய் செத்தவர்கள் அந்தப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது. அந்த வாயோடுதான் அவள் அரசாங்க வேலைக்கு வந்தாள். பொய் சொல்ல மாட்டாள். ஒன்றை மறைக்க மாட்டாள். மறைக்கிறவர்களைச் சும்மா விடவும் மாட்டாள். எல்லாம் நல்ல குணங்கள்தான், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் பாடு.

வேலை, கிராம சுகாதார செவிலியர். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தப் பிள்ளைக்கு ஊசி தவறிப்போயிற்று, யாருடைய இருமல் நிற்காமல் இழுக்கிறது என்று ஊர் ஊராக மோப்பம் பிடிக்கிற வேலை. அவள் பொறுப்பில் இருந்த ஊர்களில் எல்லாரும் அவளுக்குப் பயப்படுவார்கள். பயந்தாலும் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுப்பார்கள். குருசடிமுனையில் மட்டும் அவளுக்குப் பச்சைத் தண்ணீர் கிடைக்காது.

குருசடிமுனை தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே ஒற்றையாகப் போகிற ரோட்டின் கடைசியில் இருக்கிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் பாத்திகள்தான், எதிரே ஒரு லாரி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஊர் தொடங்குகிற இடத்தில் சிலுவை வைத்த சின்னக் குருசடி, அதற்கு எதிரே வலைக்கூடம், பக்கத்திலேயே படகு ஏற்றுகிற கரை. அப்புறம் நீளமாக வீடுகள். கடைசித் தெருவில் மாதா கோயில். அங்கே கடல் தொழிலைத் தவிர வேறு தொழில் இல்லை, பேச்சிச்செல்வியைத் தவிர வேறு அரசாங்கமும் இல்லை. அவள் மேல் அந்த ஊருக்கு இருந்த பகைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மீதிக் காரணம் தகரம்.

கொரோனா வந்த வருஷம், மீன் ஏலம் எடுக்கிற கிரேசியின் புருஷன் சந்தியாகுவுக்குக் காய்ச்சல் கண்டது. கிரேசி யாரிடமும் சொல்லாமல் கஷாயம் போட்டுக் கொடுத்து, கதவைச் சாத்தி வைத்திருந்தாள். பேச்சிச்செல்வி தெருவில் போகும்போது ஜன்னல் வழியாக இருமலைக் கேட்டுவிட்டாள். கேட்டதை அன்றைக்கே மேலே சொல்லிவிட்டாள். சொல்ல வேண்டியது அவள் வேலை. சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்து சந்தியாகுவை ஏற்றிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே போலீஸ் வந்து தெருவின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைத்தது. உள்ளே இருந்தவர்கள் கடலுக்குப் போகக்கூடாது, குடிதண்ணீர் பிடிக்கவும் வெளியே வரக்கூடாது. தகரத்தைத் தாண்டி வந்த பையன்களுக்கு லத்தி அடி விழுந்தது. சந்தியாகு திரும்பி வரவில்லை. உடலைக்கூட ஊருக்குக் கொடுக்கவில்லை. எங்கேயோ குழி வெட்டி, முகம் தெரியாமல் உடுப்பு மாட்டிய ஆட்கள் இறக்கினார்கள். அதைக் கிரேசி தகரத்துக்கு உள்ளே நின்று செல்போனில் பார்த்தாள்.

தகரத்தைக் கொண்டுவந்தது போலீஸ். ஆனால் போலீஸ் ஜீப் போய்விட்டது. புதன்கிழமைதோறும் ஊசி மருந்துப் பெட்டியோடு ஸ்கூட்டியில் வந்து நின்றவள் பேச்சிச்செல்வி. ஆகவே பேர் அவளுக்கு விழுந்தது. "ஏளா, தகரம் வாரா, கதவைச் சாத்து" என்று தெருமுனையில் ஒருத்தி சொன்னால் கடைசி வீடு வரைக்கும் கதவுகள் சாத்திக்கொள்ளும். அவள் ஸ்கூட்டி டயரில் காற்று இறங்கியிருக்கும். அங்கன்வாடியில் அவள் உட்காரும் நாற்காலியில் மீன் செதில் கிடக்கும்.

இவளும் சும்மா இருக்கவில்லை. "நான் சொல்லாம இருந்திருந்தா இந்த ஊர்ல பத்துப் பேரு செத்திருப்பான்" என்று கோயில் வாசலில் நின்று ஒருநாள் கத்தினாள். அது உண்மையாகவேகூட இருக்கலாம். புருஷன் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கக் கொடுத்துவைக்காதவளிடம் நேருக்கு நேர் நின்று சொல்லுகிற உண்மையா அது? அவளுக்கு அது தோன்றவே இல்லை. நான் செய்தது சரிதானே என்று ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றாள். சரியாக இருப்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் சில வருஷம் கழித்து, கடல் வழியாக இலங்கைக்குப் பீடி இலை மூட்டை போகிறது என்று சொல்லிப் போலீஸ் ஊருக்குள் புகுந்தது. கையில் அகப்பட்ட பையன்களை அள்ளிக்கொண்டு போயிற்று. அதில் கிரேசியின் மகன் ஸ்டெபினும் ஒருவன். அவனுக்கும் பீடி இலைக்கும் சம்பந்தம் இல்லை என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். விடும்போது அவன் வலது மணிக்கட்டு கோணலாக இருந்தது. இவ்வளவுதான் பேச்சிச்செல்விக்குத் தெரியும், அதுவும் பேப்பரில் படித்து. போலீஸ் எப்படி யாருக்கும் தெரியாமல் ஊருக்குள் வந்தது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளிடம் யார் எதைச் சொன்னார்கள்?

ஆனால் ஒன்றை அவள் கண்ணால் பார்த்தாள். உப்பளத்துப் பக்கம் சைரன் சத்தம் கேட்டால் போதும், இளவட்டங்கள் எல்லாம் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவார்கள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். வலைக்கூடத்தில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்ததற்கு மட்டும் ஊரே வழிவிட்டு, வந்தவர்களுக்கு இளநீரும் வெட்டிக் கொடுத்தது. தீயணைக்கிறவன் மேல் யாருக்குப் பகை, அதனால் விட்டிருப்பார்கள் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். சைரன் என்றால் இந்த ஊருக்கு ஆகாது. இதுதான் அவள் தானாகப் படித்த பாடம்.

இந்த நிலையில்தான் கிரேசியின் மகள் ஜாஸ்லின் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். புருஷன் கப்பலில் வேலை. கிரேசி மகளை வீட்டுக்குள்ளேயே பொத்தி வைத்தாள். டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் இரண்டொரு தடவை கூட்டிப்போய்விட்டு, அதோடு விட்டுவிட்டாள். பேச்சிச்செல்வி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஜாஸ்லினைப் பார்த்துவிட்டாள். வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் காலைத்தான் பார்த்தாள். செருப்பு வார் பதிந்து, கால் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

அடுத்த நாளே கிரேசி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கிரேசிக்கா, உங்க மக எங்க?"

"மாப்பிள்ளை ஊருல இருக்கா."

"கொடியில அவ நைட்டி காயுது."

"அது என்னோடது. கொடியில கிடக்க துணியப் பாக்கதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கான்?"

"அவளுக்குக் கால் வீங்கியிருக்கு. பிரஷர் பாக்கணும். இது விளையாட்டுக் காரியமில்ல."

"எம் புருஷனையும் இப்பிடித்தான் பாக்கணும் பாக்கணும்னு கொண்டுபோன. பாத்தது போதும். போ."

அந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் குரலைத் தணித்திருப்பாள், கையைப் பிடித்திருப்பாள். பேச்சிச்செல்வி சட்டத்தைப் பேசினாள். "எங்கிட்ட பதியாம புள்ளை பொறந்தா பொறப்புச் சான்றிதழ் கிடைக்காது, தெரிஞ்சுக்கோங்க. அன்னைக்கு எங்கிட்டதான் வந்து நிக்கணும்." கிரேசி அவள் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தினாள். அப்படியும் அவள் விடவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் போனாள். போகும்போதெல்லாம் சண்டை. ஜன்னலுக்கு உள்ளிருந்து ஜாஸ்லின் ஒருதரம் எட்டிப் பார்த்ததைக் கண்டாள். முகமும் ஊதியிருந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "அந்தப் புள்ள செத்துப்போயிருவா, இந்தக் கூறுகெட்ட சனங்க கையாலேயே" என்று சொல்லிவிட்டு, தட்டில் கைவைக்காமல் எழுந்துபோனாள். அவளுக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

அது ஒரு புதன்கிழமை. அங்கன்வாடியில் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. கிரேசி. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பு இல்லை.

"ஏ, வா. புள்ளைக்கு என்னமோ செய்யுது" என்றாள். பேர் சொல்லவில்லை, சிஸ்டர் என்று சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் அந்த ஊர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பேச்சிச்செல்வி ஓடினாள். ஜாஸ்லின் பாயில் கிடந்தாள். கண் மேலே சொருகி, பல் கிட்டி, வாயோரம் நுரை. வலிப்பு ஒருதரம் வந்து ஓய்ந்திருந்தது. அவளை இடது பக்கமாக ஒருக்களித்துப் போட்டு, வாயைத் துடைத்துவிட்டுப் பிரஷர் பார்த்தாள். அளவு எங்கேயோ ஏறி நின்றது. தாய்க்கும் ஆபத்து, உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

"தலைவலின்னு சொன்னாளா?"

"நேத்துலேருந்து."

"கண்ணு மங்குதுன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? நான் நாயா அலைஞ்சேனே இந்த வாசலுக்கு!"

 கிரேசி மகள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள் டவர் கிடைக்காது. பேச்சிச்செல்வி வெளியே தெருவுக்கு வந்து 108-க்குப் போன் போட்டாள். வண்டி பக்கத்திலேயே, உப்பளத்து முக்கில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் மகாராஜா அவளுக்குப் பழக்கமானவன். அவனே கூப்பிட்டான்.

"யக்கா, எங்கன வரணும்?"

"குருசடிமுனை, கோயில் தெரு. பேறுகால வலிப்புலே. சீக்கிரம் வா. ஆனா சைரன் போட்டுராத."

"சைரன் போடாமலா? சீரியஸ் கேசுன்னா போட்டுத்தாங்க்கா வரணும்."

"இந்த ஊரு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சைரன் கேட்டா பயலுவ கடலுக்கு ஓடுவானுவ, பொம்பளைய ரோட்டுக்கு வந்து மண்ணை வாரித் தூத்துவாளுவ. பேசாம வந்து ஏத்திட்டுப் போயிரு. நான் சொல்லுதேம்லா."

அவள் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற தைரியம் மகாராஜாவுக்கு இல்லை. சரி என்றான்.

உள்ளே வந்து ஜாஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி வந்துவிடும் என்று கிரேசியிடம் சொன்னாள். சைரனைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறவர்களா என்ன! ஜாஸ்லினுக்கு மறுபடியும் வெட்டி இழுத்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். வலிப்பு அடங்கிய பிறகும் வண்டி வரவில்லை. முக்கிலிருந்து வர இவ்வளவு நேரம் ஆகாதே என்று பேச்சிச்செல்வி எழுந்தபோது, ஊர் முகப்பிலிருந்து ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது. அதோடு கண்ணாடி உடைகிற சத்தமும்.

ஓடினாள். குருசடிக்கும் வலைக்கூடத்துக்கும் நடுவே, ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பைபர் படகை இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ். முன்கண்ணாடி நொறுங்கித் தொங்கியது. மகாராஜா நெற்றியில் ரத்தம். வண்டியில் கூட வந்த நர்சு ஜெயபிரியா குனிந்து தலையைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பத்து இருபது பேர். முன்னால் நின்றவன் ஸ்டெபின். கடலிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தான், கால்சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கோணல் கையில் அடுத்த கல்.

"ஏலே ஸ்டெபினு, கல்லைக் கீழ போடு! உங்க அக்காவுக்குதாம்லே வண்டி! ஜாஸ்லினுக்கு வலிப்புலே!"

அவன் திரும்பிப் பார்த்தான். யார் என்று தெரிந்ததும் அவன் முகம் இன்னும் கெட்டுப்போயிற்று.

"பாத்தியளா, தகரம் வந்துட்டா! இவதான் கூட்டிட்டு வந்திருக்கா!"

"அக்காவுக்குன்னு சொல்லுதேன், காது அடைச்சுப்போச்சா?"

"அன்னைக்கும் பேஷண்டுக்குன்னுதான சொன்னானுவ!"

வலைக்கூடத்துப் பக்கம் நின்ற ஒரு நரைமுடிக்காரர், ஊர்க் கமிட்டியில் இருப்பவர், படகின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "இந்தாம்மா, அன்னைக்கும் இப்பிடித்தான் ஒரு ஆம்புலன்ஸ் சத்தமில்லாம வந்துச்சு. யாருக்கோ முடியல போலன்னு வழி விட்டோம். ஊருக்குள்ள போயி பின்கதவைத் தொறந்தா உள்ள பூரா போலீசு. பயலுவள ஆடு மாதிரி இழுத்துப் போட்டுட்டுப் போனானுவ. சைரன் போட்டு வாரவன் எவன்னாலும் வரட்டும், முன்கூட்டியே தெரிஞ்சிரும், ஓடுதவன் ஓடிக்கிடுவான். சைரன் போடாம ஆம்புலன்ஸ் வந்தா போட்டைக் குறுக்க இழுத்துப்போடுன்னு கமிட்டியில பேசி முடிச்சிருக்கோம். ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரியும். பேச்சிச்செல்விக்குத் தெரியாது.  நான்தான் சைரன் வேண்டாம் என்று சொன்னேன் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த கல் பறந்தது. மகாராஜா வண்டியை ரிவர்ஸில் எடுத்தான். திருப்ப இடமில்லாத அந்த ரோட்டில் பாத்திகளுக்கு நடுவே பின்னாலேயே போனான். வண்டி கண்ணைவிட்டு மறைந்தது.

அப்போதுதான் கோயில் தெருவிலிருந்து ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஏலே பாவிகளா, ஜாஸ்லினு கிடந்து இழுக்குதாளே! வண்டி எங்கல? வண்டி எங்க?"

ஸ்டெபின் கையில் இருந்த கல் கீழே விழுந்தது. அவன் படகைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். ரோடு திறந்துவிட்டது. வருவதற்குத்தான் வண்டி இல்லை. பேச்சிச்செல்வி மகாராஜாவுக்குப் போன் போட்டாள்.

"யக்கா, கண்ணுக்குள்ள பூராம் கண்ணாடித் தூளு. ரோடு தெரியல. நான் எப்பிடிக்கா மறுபடி உள்ள வர? வேற வண்டி அனுப்பச் சொல்லியிருக்கேன்" என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது!

வேறு வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்று கரையில் நின்றது. ஐஸ் பெட்டிகளைத் தூக்கி மண்ணில் எறிந்துவிட்டு, மெத்தையை விரித்து ஜாஸ்லினைக் கிடத்தினார்கள். ஸ்டெபின் ஓட்டினான். பின்னால் ஒரு பக்கம் கிரேசி, ஒரு பக்கம் பேச்சிச்செல்வி. மீன் தண்ணீர் மெத்தையில் ஊறியது. பள்ளம் மேட்டில் ஜாஸ்லின் தலை ஆடாமல் பேச்சிச்செல்வி தன் மடியில் பிடித்துக்கொண்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இறுகியிருந்தது. ஒருதரம் தொட்டவள் மறுபடி தொடவில்லை.

உப்பளத்தைத் தாண்டியதும் கிரேசி கேட்டாள். "சைரன் போடாம வரச் சொன்னது யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். டிரைவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

"நான்தான்."

"உனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னீங்க? இத்தனை வருஷமா எங்கிட்ட யாரு ஒரு வார்த்தை பேசுனீங்க? ஒருத்தி சொல்லியிருந்தா போதுமே. சைரன் போட்டு வான்னு ஒரு வார்த்தை!"

"பேசுத மாதிரியா நீ வந்த?"

பேச்சிச்செல்வி ஜாஸ்லின் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.  அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஜாஸ்லினை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்டெபின் வண்டியை நிறுத்திவிட்டு எங்கேயோ ஒதுங்கிக்கொண்டான். காரணம் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு ஏட்டும். ஆம்புலன்ஸை அடித்து உடைத்த செய்தி அதற்குள் எங்கெல்லாமோ போயிருந்தது.

"மேடம், நீங்கதான் நேர்ல பாத்த சாட்சி. கல்லெறிஞ்சது யாரு? பேரை மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், கிரேசி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

கிரேசி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. புருஷன் பேரைச் சொன்னாய், இப்போது மகன் பேரையும் சொல் என்கிற மாதிரி இருந்தது.

பேச்சிச்செல்விக்கு எங்கேயோ பற்றிக்கொண்டு வந்தது. கிரேசி மேல் இரக்கம் வந்து அல்ல. கல்லெறிந்தவன் மேல் அவளுக்கு இருந்த ஆத்திரமும் குறையவில்லை.

"சொல்லுதேன் சார். அதுக்கு முன்னால நீங்க ஒரு பேரு சொல்லுங்க. குருசடிமுனைக்குள்ள ஆம்புலன்ஸ்ல ஒளிஞ்சு வந்தாங்கள்லா, அந்த யோசனை யாருக்கு வந்துச்சு?"

"மேடம், அது பழைய கேசு. அப்ப நான் இந்த ஸ்டேஷனுக்கே வரல."

"புள்ளத்தாச்சிக்குன்னு விட்ட வண்டியிலயே ஏறி வந்து ஆளைப் பிடிச்சா, அப்புறம் எந்த வண்டிய சார் அந்த ஊரு நம்பும்? நான் நாளைக்கு எந்த வண்டிய வரச் சொல்ல? சொல்லுங்க!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அரசாங்க ஊழியர் இப்பிடிப் பேசக்கூடாது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவள் இன்னும் உரக்கப் பேசினாள். அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் வெளியே போனார்கள். கிரேசி நன்றியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சிச்செல்வி எதிர்பார்க்கவும் இல்லை.

மத்தியானம் தாண்டி ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. ஸ்டாப் நர்சு ஒருத்தி வெளியே வந்தாள். கையில் பச்சைத் துணியில் சுற்றிய பிள்ளை. அழுகைச் சத்தம் இல்லை.

"ஜாஸ்லின் கூட வந்தவங்க யாரு? அம்மா பிழைச்சிட்டாங்க, ஐசியூவுக்கு மாத்துவாங்க. குழந்தை வயித்துக்குள்ளேயே இறந்துருச்சு. கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று சொல்லி, மேலே சொல்லாமல் நிறுத்தினாள். "வாங்கிக்கோங்க."

கிரேசி எழுந்தாள். கையை நீட்டப் போனாள். கை வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னால முடியாது, எங்கிட்டத் தராதீங்க" என்றாள். ஸ்டாப் நர்சு சுற்றிப் பார்த்தாள். உள்ளே அடுத்த கேஸ் காத்துக்கொண்டிருந்தது. பேச்சிச்செல்விதான் முன்னால் வந்து வாங்கினாள்.

ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள், மறுபடி மூடினாள்.

கிரேசி கேட்டாள். "எடை எம்புட்டு இருக்கும்?"

எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிய கை. வாங்கும்போதே தெரிந்துவிட்டது. சின்னப் பிள்ளை, எடையே இல்லை, எப்படியும் தங்கியிருக்காது என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு பொய். கிரேசி வீட்டுக்குப் போய் நாலு நாள் தூங்கியிருப்பாள், அக்கா வண்டியைக் கல்லால் அடித்தவனும் ஒருவேளை தூங்கியிருப்பான். தனக்கும் அதில் ஒரு பங்கு நிம்மதி கிடைத்திருக்கும். அந்தப் பொய் பேச்சிச்செல்விக்கு வாயில் வரவில்லை.

"ரெண்டே முக்கால் கிலோ இருக்கும்க்கா. நல்ல புள்ள. ஒரு குறையும் இல்ல."

கிரேசி அவளை அடித்தாள். முதலில் தோளில், அப்புறம் கன்னத்தில், அப்புறம் கை பட்ட இடத்திலெல்லாம். காவலாளி ஓடிவந்து பிடிக்கிற வரைக்கும் அடித்தாள். பேச்சிச்செல்வி விலகவில்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது.